என் வீட்டுக்காரர் கையில் நான்கு விரல் தடம்

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணமான இந்த இருபத்தாறு வருடத்தில் என் வீட்டுக்காரர் மேல் நான் ஒரு நாள்கூடக் கை வைத்ததில்லை. வாயால் அடித்திருக்கிறேன், அதை மறுக்கவில்லை. நான் கொரட்டூரில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் உப்பு கேட்பதற்கும் சண்டை போடுவதற்கும் ஒரே குரல்தான். அவர் தருமபுரிப் பக்கத்து ஆள். மூன்று கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும், அதுவும் பாதி நேரம் தலையாட்டலோடு நின்றுவிடும். இதை எழுதட்டுமா என்று கேட்டபோதும் தலையைத்தான் ஆட்டினார்.

ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், மெஷின் ஷாப்பில் அவருக்கு வேலை. தொழிற்சாலைக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. இந்த வீட்டில் தும்மினால் எதிர் வீட்டிலிருந்து ஆவி பிடிக்கச் சொல்லும் இடம் அது. ஏழு வருடத்துக்கு முன்னால் அவருக்கு இதயத்தில் ஒரு வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க தினம் சாயங்காலம் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும். அந்த மாத்திரையின் வேகம் குறைந்தால் வால்வில் ரத்தம் உறைந்துவிடும். கூடிப்போனால் உடம்பில் எங்கேயாவது ரத்தம் கசியும். தலைக்குள் கசிந்தால் நமக்குத் தெரிய வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று வீட்டுக்கு அனுப்பும் அன்று ஒரு டாக்டர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு ஏழு வருடம் குடித்தனம் நடத்தினேன்.

மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. அதில் ஒரு எண் வரும். அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருந்தால் எனக்கு அந்த மாதம் தூக்கம் உண்டு. கீரை அந்த மாத்திரையை மட்டுப்படுத்தும், அதனால் ஒரே அளவாகக் கொடுங்கள் என்றார்கள். புதன்கிழமை ஒரு கரண்டிக் கீரை என்று வைத்துக்கொண்டேன். ஒரு கரண்டி என்றால் ஒரு கரண்டிதான். டீக்கடையில் கீரை வடை தின்றுவிட்டு வந்தாரா என்று வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்திருக்கிறேன். ஊரில் பெண்கள் குடித்துவிட்டு வரும் புருஷனை மோந்து பார்ப்பார்கள், நான் கீரைக்கு மோந்து பார்த்தேன்.

போன வருடம் கத்திரி வெயில் நேரம் அது ஆரம்பித்தது. முழங்கைக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு திட்டு. என்ன என்று கேட்டேன். கதவில் இடித்துக்கொண்டேன் என்றார். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது சகஜம் என்பதால் விட்டுவிட்டேன். நான்கு நாள் கழித்துத் தொடையில் ஒன்று, தோளில் ஒன்று. அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆவடி மார்க்கெட்டுக்குப் போனோம். ரோட்டைக் கடக்கும்போது ஒரு ஷேர் ஆட்டோ உரசிக்கொண்டு வர, அவர் கையைப் பிடித்து வெடுக்கென்று என் பக்கம் இழுத்தேன். மறுநாள் காலை அவர் பனியனோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். மேல் கையில் வெளிப்புறம் நான்கு நீளத் திட்டுகள், உள்புறம் கட்டைவிரல் பதிந்த ஒரு திட்டு. என் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது.

மாத்திரையை எண்ணினேன், சரியாக இருந்தது. பூண்டைக் குறைத்தேன், இஞ்சியை நிறுத்தினேன், பப்பாளியை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. என் சமையலில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து, பத்து நாளாக என்னென்ன செய்தேன் என்று விரல் விட்டு யோசித்தேன். ரத்தம் பார்த்துவிடலாம் என்றால், அதற்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே என்றார். அந்த வெயிலில் அரைக்கை சட்டை போட்டுக்கொண்டு வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் கீழ் வீட்டு அக்கா வந்தார். அவர் வீட்டுக்காரரும் அதே ஷாப்பில்தான் வேலை. நான் கொடுத்த குழம்புக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் கொடுத்துவிட்டுப் போகாமல் உட்கார்ந்தார். வெயிலைப் பற்றிப் பேசினார், தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினார். எழுந்திருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஹார்ட் ஆபரேசன் ஆன மன்சன்மா அவுரு. கோவம் வந்தா வாயோட வுட்ரு. கை வெக்காத."

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது மூக்குக்கு மேல் வந்தது கோபம். மூன்று நாளாக ஷாப்பில் இதுதான் பேச்சாம். நான் புருஷனைப் போட்டு அடிக்கிறேனாம், அந்த மனிதர் பாவம் வாயைத் திறக்காமல் வேலைக்கு வருகிறாராம். யார் சொன்னது, எவன் சொன்னான், என் எதிரே வந்து சொல்லட்டும் என்று இரண்டாவது மாடியிலிருந்து கத்தினேன். நான் கத்தக் கத்த அவர்கள் சொன்னது நிஜம் என்று மற்ற வீடுகளுக்கும் உறுதியாகிக்கொண்டிருந்தது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

சாயங்காலம் அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பிடித்துக்கொண்டேன்.

"இன்னாய்யா, நான் அடிக்கிறேன்னு சொல்லிகினு கீறியா?"

"சொல்லல. கேட்டாங்க. சிரிச்சேன்."

"சிரிச்சியா?"

"வேற என்ன பண்றது?"

இந்த மனிதர் சிரித்தால் அது ஆமாம் என்பது போலத்தான் இருக்கும். அன்று ராத்திரி முழுக்க அவரோடு பேசவில்லை. நான் பேசாமல் இருந்தது அவருக்குத் தெரிந்ததா என்பதுகூட எனக்குச் சந்தேகம்தான்.

செவ்வாய்க்கிழமை காலை முகச்சவரம் செய்யும்போது தாடையில் ஒரு சின்னக் கீறல் விழுந்தது. படிகாரம் வைத்தார், பஞ்சு வைத்தார், ரத்தம் நிற்கவில்லை. இட்லி வெந்து இறக்கிய பிறகும் வழிந்துகொண்டே இருந்தது. வாயைக் கொப்பளித்துத் துப்பினால் அதுவும் சிவப்பு. நிமிர்ந்து என்னைப் பார்த்தார், இடது கண்ணின் வெள்ளையில் பாதி ரத்தமாக இருந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் அந்த டாக்டர் சொன்ன வாக்கியம் காதுக்குள் கேட்டது. கண் வரைக்கும் வந்துவிட்டது, அடுத்தது தலைதானே என்று நினைத்தேன். இட்லியை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். எங்கள் தொழிற்சாலை டிஸ்பென்சரியில் இதற்கெல்லாம் வசதி கிடையாது என்பதால் அம்பத்தூரில் ஒரு மருத்துவமனைக்கு நேராகப் போனோம். வழியெல்லாம், தலை வலிக்குதா, தலை வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே போனேன். நீ கேக்கறதுல வலிச்சாலும் வலிக்கும் என்றார்.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. முதலில் ரத்தம் எடுத்து அனுப்பினார். பிறகு சட்டையைக் கழற்றச் சொன்னார். மேல் கையில் பச்சை தட்டிக்கொண்டிருந்த அந்த நான்கு விரலைப் பார்த்தார். அடுத்து என் கையைப் பார்த்தார். நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். ஏன் இழுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

புதிதாக ஏதாவது மருந்து சாப்பிட்டாரா என்று கேட்டார். ஜுரத்துக்கு, வலிக்கு, நாட்டு மருந்து, லேகியம், எதுவானாலும் சொல்லுங்கள் என்றார். அவர் வாயைத் திறப்பதற்குள், ஒன்றுமே இல்லை டாக்டர், எனக்குத் தெரியாமல் அவர் ஒரு மிளகுகூட முழுங்குவதில்லை என்று நான் சொன்னேன். கீரைக் கரண்டி வரைக்கும் ஒப்பித்தேன். டாக்டரம்மா அவரைக் கேட்டால் நான் சொன்னேன், மறுபடி அவரைக் கேட்டால் மறுபடியும் நான் சொன்னேன். கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, கொஞ்சம் வெளியே இருங்கம்மா, அவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார்.

எதற்கு என்று எனக்குத் தெரியாதா என்ன? நர்ஸ் ஒருத்தி என் தோளைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு போய் இரும்பு நாற்காலியில் உட்கார வைத்தாள். அவள் பார்த்த பார்வையிலேயே எனக்கு உடம்பு கூசிப்போனது. கத்தியிருப்பேன். குடியிருப்பாக இருந்தால் கட்டிடம் அதிரக் கத்தியிருப்பேன். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் தலைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறதோ என்னவோ, அங்கே போய் என் மானத்துக்காக எப்படிக் கத்துவது? அவர் பிழைத்தால் போதும், நான் அடித்தேன் என்றே ஊர் வைத்துக்கொள்ளட்டும் என்று மாங்காட்டு அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். வேண்டும்போதுகூட எனக்குச் சத்தம் வந்துவிட்டது போல, பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே நடந்ததை அவர் எனக்குப் பிற்பாடு சொன்னார். வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, பயப்படாமல் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார். இவர் வழக்கம் போலச் சிரித்திருக்கிறார். பிறகு, அவள் அடிக்கவில்லை என்றிருக்கிறார். அப்படியானால் மனைவி எதிரே சொல்ல முடியாதது வேறு ஏதாவது உண்டா என்று டாக்டரம்மா விடாமல் கேட்டிருக்கிறார். இவர் கதவு நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, பர்ஸிலிருந்து மாத்திரை அட்டையின் வெட்டிய துண்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்திருக்கிறார்.

படர்தாமரை. இடுப்பிலும் தொடையிடுக்கிலும் இரண்டு மாதமாகப் படர்தாமரை. அந்த வெயிலில், மெஷின் சூட்டில், எண்ணெய் ஊறிய பேண்ட்டோடு நின்று நின்று வந்திருக்கிறது. நின்ற இடத்தில் சொறியவும் முடியாமல் தவித்திருக்கிறார். பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வருகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புவாரே, அது ஏரிக்கு இல்லை. ஆவடியில் வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, வழியில் இருந்த அத்தனை மருந்துக்கடையையும் விட்டுவிட்டு பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு மெடிக்கலில், தினம் ஒன்று என்று மாத்திரையை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரம் சாப்பிட்டிருக்கிறார்.

என்னை உள்ளே கூப்பிட்டபோது இதை டாக்டரம்மாதான் சொன்னார். என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு மாத்திரை உண்டா என்று கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று டாக்டரம்மா அவரைக் கேட்டார்.

"இது தோல் செக்‌ஷன். அது ஹார்ட் செக்‌ஷன். ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லன்னு நினைச்சேன்."

டாக்டரம்மா கெட்டிக்காரி. இவர் வேலை பார்க்கும் இடத்தை வைத்தே விளக்கினார். செக்‌ஷன் எத்தனை இருந்தாலும் கழிவெல்லாம் போய்ச் சேரும் ஸ்கிராப் யார்டு ஒன்றுதானே, உடம்பில் அது கல்லீரல். உங்கள் ஹார்ட் மாத்திரையைத் தினம் உடைத்துக் கழித்து வெளியே அனுப்புவது அதுதான். இந்தப் படர்தாமரை மாத்திரை போய் அங்கே வேலை செய்கிறவனின் கையைப் பிடித்துக்கொண்டது. அதனால் ஹார்ட் மாத்திரை கழியாமல் உடம்பிலேயே சேர்ந்துபோய்விட்டது. தினம் ஒன்று விழுங்கியும் உள்ளே பல மாத்திரை சாப்பிட்ட கணக்கு. அதுதான் தொட்ட இடமெல்லாம் தோலுக்குள் ரத்தம் என்றார்.

பரிசோதனை முடிவு வந்தது. எண் ஒன்பதைத் தாண்டியிருந்தது. உடனே தலையை ஸ்கேன் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த ஒரு மணி நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, விட்டுவிடுகிறேன். டாக்டரம்மா படத்தை எடுத்துக்கொண்டு வரும்போதே முகம் தெளிவாக இருந்தது.

"தலைக்குள்ள ஒண்ணும் இல்லம்மா."

"அது எனக்கு எப்பவோ தெரியும் டாக்டர்" என்றேன். முன்பு என் தோளைத் தொட்டாளே அந்த நர்ஸ், அவள்தான் முதலில் சிரித்தாள். நான் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன், அது அழுகையாகிவிட்டது. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தால் என்ன?

நான்கு நாள் வைத்துக்கொண்டார்கள். ஹார்ட் மாத்திரையை நிறுத்தி, அதற்கு எதிரான வைட்டமினை ரொம்பவும் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். அதிகம் கொடுத்தால் வால்வில் உறைந்துவிடுமாம். தினமும் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் எண் ஆறு. அதற்கு மறுநாள் நாலரை. நாலரை என்று கேட்டதும் நான் ஆஸ்பத்திரி கேன்டீனில் போய் இரண்டு தோசை சாப்பிட்டேன், செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் அதுதான் நான் ருசித்துச் சாப்பிட்டது. திட்டுகள் ஊதா போய்ப் பச்சையாகி, ஓரத்தில் மஞ்சள் கட்ட ஆரம்பித்திருந்தன.

உயிர் திரும்பி வந்ததும் கோபமும் கூடவே வந்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு என்ன என்று கேட்டேன். இருபத்தாறு வருடம் கூட வாழ்கிறவளிடம் சொல்லாமல் பூந்தமல்லிக்காரனிடம் போய்ச் சொல்வாயா என்று கேட்டேன். கட்டிலில் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"துத்தி எல ஞாபகம் இருக்கா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்கு மூலம் வந்தது. துத்தி இலை வதக்கிக் கட்டினால் நல்லது என்று யாரோ சொல்ல, கீழ் வீட்டு அக்காவின் தோட்டத்தில் அது இருப்பது ஞாபகம் வந்து, பால்கனியில் நின்று கேட்டேன். எதற்கு என்று அக்கா கேட்டார். சொன்னேன், என் குரலில். சாயங்காலத்துக்குள் மூன்று வீட்டிலிருந்து துத்தி இலை வந்தது. ஷாப்பில் ஒரு மாதம் அவரை, அண்ணாத்தே, உக்கார முடியுதா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் அதையும் சிரித்துக்கொண்டுதான் கேட்டிருப்பார். டிஸ்பென்சரியில் காட்டலாம் என்றால் அங்கேயும் ஜன்னலில் மருந்து கொடுப்பவர், இது எங்கே தடவுவது என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரிதான் கேட்பார். அதனால்தான் பூந்தமல்லி.

நான் அந்த அறையில் இருந்திருந்தால் அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார். நான் அடிக்கிறேன் என்று அந்தப் பெண் சந்தேகப்பட்டு என்னை வெளியே அனுப்பியதால்தான் அவர் பிழைத்தார். அந்தப் பார்வைக்காக நான் யாரைத் திட்டுவது?

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். மாடிப்படியில் கீழ் வீட்டு அக்கா, இன்னும் இரண்டு பேர். என்ன ஆச்சு என்று அக்கா கேட்டார். கேட்டது அவரை, பார்த்தது என்னை. எனக்கு வாய் நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் என் பெயர் சுத்தமாகிவிடும். பக்கத்தில் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"ஆமாக்கா, நான்தான் அடிச்சேன். இனிமே கை வெக்க மாட்டேன்" என்றேன்.

அக்கா படியில் ஒதுங்கி எங்களுக்கு வழி விட்டார். சோறு போடும்போது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவர் கேட்டார். வேற இன்னா பண்றது என்றேன். ரசம் ஊற்றச் சொன்னார். அதற்கு அப்புறம் மூன்று வாரம் காய்கறி வண்டிக்காரர் வரைக்கும் எனக்குப் புத்தி சொன்னார்கள். என் வாழ்க்கையில் நான் பதில் பேசாமல் நின்ற மூன்று வாரம் அது. அதன் கஷ்டம் எனக்குத்தான் தெரியும்.

எந்த மருந்தானாலும், தடவுகிறதானாலும், டிஸ்பென்சரி மருந்து நோட்டில் எழுதாமல் எதுவும் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாத்திரைக்குப் பதிலாக வேறு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்திருந்தார். அதனால் அடுத்த முறை டிஸ்பென்சரிக்கு நானும் கூடப் போனேன். காலை நேரம், நீளமான வரிசை. எங்களுக்கு முன்னால் மூன்றாவது ஆளாகக் கீழ் வீட்டு அக்கா நின்றிருந்தார். அவர் மருந்து வாங்கிக்கொண்டு ஓரமாக நின்று மாத்திரையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது எங்கள் முறை வந்தது. ஜன்னல்காரர் நோட்டைப் புரட்டினார். இந்தக் களிம்பு எதற்கு என்று வழக்கமான குரலில் கேட்டார்.

நான் ஜன்னலுக்குள் தலையை விட்டு ரகசியமாகச் சொல்லப் போனேன். என் வீட்டுக்காரர் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். அப்படி ஒரு குரல் அவருக்கு இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"படர்தாமரை. இடுப்புல, தொடையிடுக்குல. அதுக்குக் கடையில மாத்திரை வாங்கித் தின்னேன். அது ஹார்ட் மாத்திரையோட சேர்ந்து உடம்பெல்லாம் ரத்தம் கட்டிப்போச்சு. எங்க வீட்டம்மா என்னை அடிக்கல. எழுதிக்குங்க."

அக்கா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஜன்னல்காரர் குனிந்து எழுதினார், முதல் பாதியை மட்டும் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவர் மட்டும் கழுத்தை நீட்டி, "அண்ணாத்தே, இன்னா மாத்திர அது? நானும் பூந்தமல்லிலதான் வாங்கிகினு கீறேன்" என்றார். இவர் அவர் பக்கம் திரும்பி, அதே குரலில், ஒன்று விடாமல் விளக்க ஆரம்பித்தார். ஸ்கிராப் யார்டு, கல்லீரல், எல்லாம்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் கையைப் பிடித்து இழுக்கப் போனேன். பழையது ஞாபகம் வந்து, சட்டை நுனியை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

"மெதுவாப் பேசுய்யா" என்றேன், "எல்லாரும் கேக்குறாங்க."